"நீ இப்படிச் செய்வானேன்?": தலைவர்களிடம் கணக்குக் கேட்பது பற்றி வேதாகமம் சொல்வது

2023இல் இலங்கை உயர் நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஜனவரி 12ஆம் திகதி வந்தது 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் தொடர்பானது. நவம்பர் 14ஆம் திகதி வந்தது பொருளாதார நெருக்கடி தொடர்பானது. நாட்டை நடத்தியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று இரண்டிலும் நீதிமன்றம் கண்டது. அதன் பிறகு முன்னாள் அமைச்சரோ முன்னாள் ஜனாதிபதியோ விசாரணைக்குப் போகும்போதெல்லாம், கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வசனங்கள் மோதிக்கொள்கின்றன. ஒன்று, "அழிவுக்கு முன்னானது அகந்தை" என்ற நீதிமொழி. மற்றது, "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற பொருளில் வரும் சங்கீத வரி. முதலாவது வேண்டாதவர் விழும்போது வரும். இரண்டாவது வேண்டியவர் மாட்டும்போது வரும்.

இரண்டும் வேதாகமத்தில் இருப்பவைதான். அப்படியானால் தலைவரைக் கேள்வி கேட்கலாமா, கூடாதா? இங்கே எடுத்தாளும் வரிகள், சீர்திருத்த சபைகள் பரவலாக வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைச் சேர்ந்தவை. கத்தோலிக்கரின் பதிப்பில் சொற்கள் கொஞ்சம் மாறும், கதை மாறாது.

முதலில் மூன்று சொற்கள்

1. மேட்டிமை. தமிழில் 'பெருமை' பெரும்பாலும் நல்ல சொல். பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது 'ஏ' எடுத்தால் வீட்டுக்கே பெருமை. வேதாகமம் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி எடுக்கும் சொல் வேறு: மேட்டிமை. மேடு என்றால் சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்த இடம். தனியாக ஒரு மேடு இருக்க முடியாது, பக்கத்தில் தாழ்ந்த நிலம் வேண்டும். உபாகமம் 17 அரசனை எச்சரிக்கும்போதும், அவன் இருதயம் "தன் சகோதரர்பேரில்" மேட்டிமை கொள்ளக்கூடாது என்கிறது. ஆகவே ஒருவர் தன்னைப் பற்றி மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்பது இங்கே இரண்டாவது விடயம். மற்றவர்கள் எட்ட முடியாத உயரத்தில் போய் நின்றுவிட்டாரா என்பதே முதல் கேள்வி.

2. பதவி ஆசை. இதை வேதாகமம் மொத்தமாகக் கண்டிக்கவில்லை. கீழே பார்ப்போம்.

3. பொறுப்புக்கூறல். போர் முடிந்த காலம் தொட்டு நம் பத்திரிகைகளில் அடிபடும் சொல். வேதாகமத் தமிழில் இதற்கு நேரான பேச்சு 'கணக்கு ஒப்புவித்தல்'. லூக்கா 16இல் எசமான் ஒருவன் தன் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டு, "உன் உக்கிராணக் கணக்கையொப்புவி" என்கிறான். உக்கிராணம் என்பது களஞ்சிய அறை. சாவி இவன் கையில், சாமான் இன்னொருவருடையது. தலைமை பற்றி வேதாகமம் வைத்திருக்கும் படம் கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டு தங்கக் கணக்குகள்

யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தில் பிரசங்கம் கேட்டவர்கள் குறைவாகவே இருப்பார்கள். தாலந்து, சேக்கல் என்ற பழைய எடை அளவுகள், கொக்கி, பூண் என்று போகும். வாசிக்கும்போதே கண் சொருகும். ஆனால் நம் விடயத்துக்கு இதைவிட நேரடியான பகுதி வேதாகமத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

ஆறு அதிகாரம் பின்னால் போக வேண்டும். இஸ்ரவேலரின் தலைவர் மோசே மலைமேல் இருக்கும்போது, மக்கள் காதணிகளைக் கழற்றி அவருடைய அண்ணன் ஆரோனிடம் கொடுக்கிறார்கள். பொன் கன்றுக்குட்டி உருவாகிறது. மோசே இறங்கி வந்து கேட்கிறார். ஆரோனின் பதில்: அந்தப் பொன்னை அக்கினியிலே போட்டேன், "அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது". தானாக வந்ததாம்! பொதுப் பணம் எங்கே என்று கேட்கப்பட்ட தலைவர்கள் சொன்ன பதில்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்றாக இருக்கும். இதே பதிலை இன்று கோப்புத் தொலைந்துவிட்டது, டெண்டர் சபைதான் முடிவெடுத்தது என்று சொல்கிறார்கள்.

இப்போது 38க்கு வருவோம். வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரம் உருவாகிறது. மக்கள் திரும்பவும் பொன்னும் வெள்ளியும் கொடுத்திருக்கிறார்கள். இம்முறை கணக்கு எழுதப்படுகிறது. பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல்.

வெள்ளிக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். எண்ணப்பட்ட ஆண்கள் 603,550 பேர். தலைக்கு அரை சேக்கல். மொத்தம் 301,775 சேக்கல். ஒரு தாலந்து 3,000 சேக்கல். வகுத்தால் 100 தாலந்து, மீதி 1,775 சேக்கல். வரவு சரி. செலவு? கூடாரத்தின் பலகைகளும் திரைச்சீலையின் தூண்களும் நிற்கும் பாதங்கள் நூறு. பாதத்துக்கு ஒரு தாலந்து வீதம் நூறு தாலந்து போயிற்று. மிஞ்சிய 1,775 சேக்கலில் தூண்களுக்குக் கொக்கியும் பூணும் செய்து, குமிழ்களுக்குத் தகடு போட்டார்கள். கடைசிச் சேக்கல் வரை கணக்கு முடிகிறது. பெரிய தொகைக்கு ஒரு வரி எழுதிவிட்டு, சில்லறையை 'ஏனைய செலவுகள்' என்று மூடிவிடவில்லை.

இந்தக் கணக்கு மோசே கட்டளைப்படி எடுக்கப்பட்டது. ஆனால் எடுத்தவர் மோசே இல்லை, இத்தாமார். இத்தாமார் யாருடைய மகன்? ஆரோனின் மகன். தீயில் போட்டேன், கன்றுக்குட்டி வந்தது என்று சொன்னவரின் மகன் கையில் பேரேடு. இதை எழுதியவர் வேண்டுமென்றே அப்படி வைத்தாரா என்று வாதிடலாம். வாசிப்பவருக்கு இரண்டு காட்சிகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதைத் தவிர்க்க முடியாது.

அரசனுக்குப் போட்ட எல்லை

உபாகமம் 17 அரசனுக்கு மூன்று தடைகள் போடுகிறது: குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது. அந்தக் காலத்தில் குதிரை என்றால் படைபலம், மனைவிகள் என்றால் அயல்நாட்டு உறவு. அதோடு, மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றை எழுதி வைத்து, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். பின்னாளில் அரசர் சாலொமோன் மூன்றையும் மீறினார் என்பதை 1 இராஜாக்கள் 10, 11 எண்களோடு பதிந்திருக்கிறது: 1,400 இரதங்கள், 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள், ஒரு வருடத்தில் வந்த பொன் 666 தாலந்து.

முன்னாள் ஜனாதிபதிகளுக்கு வீடும் வாகனமும் கொடுத்துவந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை 2025 செப்டெம்பரில் பாராளுமன்றம் நீக்கியபோது, இது பழிவாங்கலா நியாயமா என்று பெரிய விவாதம் நடந்தது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஆட்சியாளனின் வசதிக்குச் சட்டத்தால் எல்லை போடலாம் என்ற எண்ணம் மட்டும் மேற்கத்திய இறக்குமதி இல்லை.

உசியா எங்கே தவறினான்?

மேட்டிமை பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரை எடுப்பார்கள். நல்ல உதாரணந்தான், ஆனால் அவன் அந்நிய அரசன். 2 நாளாகமம் 26இல் வரும் யூதாவின் அரசன் உசியாவின் கதைதான் இன்னும் சங்கடமானது. ஏனென்றால் அவன் கெட்டிக்காரன்.

பதினாறு வயதில் அரசனாகி 52 வருடம் ஆண்டான். எருசலேமில் கோபுரங்கள் கட்டினான். வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான். அவன் "வெள்ளாண்மைப் பிரியன்" என்று எழுதியிருக்கிறது. மட்டக்களப்புக்காரர் கேட்டால் உடனே பிடித்துப்போகும். 307,500 பேர் கொண்ட படை. அம்பும் கல்லும் எறியும் யந்திரங்கள். சகரியா என்றொருவர் புத்தி சொன்ன நாட்களில் கடவுளைத் தேடினான் என்றும் குறிப்பு இருக்கிறது. பிறகு அந்த வரி: "அவன் பலப்பட்டபோது… அவனுடைய மனம் மேட்டிமையானது."

என்ன செய்தான்? ஆலயத்துக்குள் போய்த் தூபம் காட்டப் போனான். கொலை இல்லை, களவு இல்லை. பார்த்தால் பக்திச் செயல். ஆனால் அது ஆசாரியரின் வேலை, அரசனுடையது அல்ல. இன்றைய பேச்சில் சொன்னால் அதிகார வரம்பு மீறல். அசரியா என்ற ஆசாரியர் எண்பது பேரோடு உள்ளே போய் வழிமறித்தார்: "உசியாவே, கர்த்தருக்குத் தூபங்காட்டுகிறது உமக்கு அடுத்ததல்ல… வெளியே போம்." எண்பது பேர் என்பதைக் கவனியுங்கள். ஒரு தனி மனிதர் துணிந்து பேசி உயிரைப் பணயம் வைத்த கதை இது இல்லை. ஒரு நிறுவனம் தன் வேலையைச் செய்த கதை.

அடுத்ததுதான் முக்கியம். உசியாவின் நெற்றியில் குஷ்டம் தோன்றியது எப்போது? ஆலயத்துக்குள் காலடி வைத்தபோது இல்லை. தூபகலசத்தைக் கையில் எடுத்தபோதும் இல்லை. ஆசாரியரோடு கோபமாய்ப் பேசுகிறபோது என்கிறது வசனம். எல்லை தாண்டியவனுக்குத் திரும்பிப் போக ஒரு நிமிடம் கிடைத்தது. தடுத்தவர்கள் மேல் சீறியதில் அந்த நிமிடம் போயிற்று. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்" தானாகவே கெடுவான் என்கிறது குறள். உசியாவுக்கு இடித்துச் சொல்ல எண்பது பேர் இருந்தும் கெட்டான்.

சாகும்வரை தனி வீட்டில் இருந்தான். மகன் யோதாம் அரண்மனைப் பொறுப்பைக் கவனித்தான்.

ஆசைப்படுவது தப்பா?

1 தீமோத்தேயு 3 இப்படித் தொடங்குகிறது: "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான்." சபையின் மேற்பார்வையாளருக்குப் பழைய தமிழ் வேதாகமம் வைத்த பெயர் கண்காணி. அதே சொல்தான் மலையகத் தோட்டங்களில் தொழிலாளரை மேய்த்த கங்காணி ஆயிற்று. அந்தச் சொல்லுக்குத் தொழிலாளர் குடியிருந்த லயன்களில் என்ன மணம் என்று தெரிந்தவர்களுக்கு, விரும்பத்தக்க வேலையாக அதை அப்போஸ்தலன் பவுல் சொல்வது கொஞ்சம் தொண்டையில் சிக்கும். ஆனால் வரியைப் பாருங்கள்: விரும்பலாம், விரும்புவது வேலையை. சீடர்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து கேட்டதோ வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம்.

ஆசனத்துக்கு ஆசைப்பட்டவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு அரசர் தாவீதின் இரண்டு மகன்கள் போதும்.

அப்சலோம் இரதமும் குதிரைகளும் வைத்து, முன்னால் ஓட ஐம்பது பேரை ஏற்படுத்தினான். கொழும்பின் காலி வீதியில் சைரன் வாகனத்துக்கு ஒதுங்கி நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பிறகு விடியற்காலையில் பட்டணவாசலில் நிற்பான். வழக்கோடு வருகிறவனைக் கூப்பிட்டு, எந்த ஊர் என்று விசாரிப்பான். உன் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் ராஜாவிடத்தில் உன் காரியத்தை விசாரிப்பார் ஒருவருமில்லை, நான் நியாயாதிபதியாக இருந்தால் எவ்வளவு நல்லது என்பான். வணங்க வந்தவனைக் கைநீட்டிப் பிடித்து முத்தமிடுவான். அவன் சொன்ன குறை முழுப் பொய்யாக இருந்திருக்காது. வழக்குகள் தேங்கியிராவிட்டால் பட்டணவாசலில் அவனுக்கு அவ்வளவு ஆள் சேர்ந்திருக்காது. உண்மையான குறையைப் படிக்கட்டாக்குவதுதான் ஆபத்தான பதவி ஆசை.

அதோனியாவும் அப்படியே: இரதம், குதிரைவீரர், ஓட ஐம்பது பேர். அவனைப் பற்றி 1 இராஜாக்கள் 1:6 ஒரு வரி சேர்க்கிறது. "நீ இப்படிச் செய்வானேன்" என்று அவன் தகப்பன் அவனை ஒருக்காலும் கடிந்துகொள்ளவில்லை. அந்த ஒரு கேள்வியைச் சந்திக்காமலே வளர்ந்தவன், ஒருநாள் "நான் ராஜா ஆவேன்" என்றான்.

"தொடாதிருங்கள்" என்ற வசனம் யாருக்குச் சொன்னது?

இனி வட்ஸ்அப் சண்டைக்கு வருவோம்.

1. சங்கீதம் 105:15. சங்கீதத்தின் இந்தப் பகுதி முற்பிதாக்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பற்றியது. அவர்கள் கொஞ்சப் பேராக, சொந்த நிலமில்லாமல், ஒரு தேசத்தை விட்டு மறு தேசத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஒடுக்க யாரையும் விடாமல் கடவுள் "ராஜாக்களைக் கடிந்துகொண்டு" சொன்னதுதான் இந்த வரி. நிலமற்ற மக்கள் மேல் கைவைக்காதே என்று அரசர்களுக்குப் போட்ட கட்டளை. அதைத் திருப்பி, அரசர்களைக் கேட்காதே என்று மக்களுக்கு வாசிப்பது தலைகீழ் வாசிப்பு.

2. தாவீதும் சவுலும். தன்னைக் கொல்லத் தேடிய அரசன் சவுல் ஒரு குகையில் கைக்கு எட்டியும் தாவீது அவரைக் கொல்லவில்லை, அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்றார். உண்மை. ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, சவுலின் ஆட்கள் முன்னிலையில், சவுலின் சால்வையிலிருந்து வெட்டிய தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, கர்த்தர் உமக்கும் எனக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பாராக என்று சத்தமிட்டதும் அதே தாவீதுதான். கொலை செய்ய மறுத்தார், வாயை மூடவில்லை.

3. ரோமர் 13. அதிகாரம் கடவுளால் நியமிக்கப்பட்டது என்று எழுதிய பவுல், அதிகாரியைத் "தேவ ஊழியக்காரன்" என்கிறார், "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு". ஊழியக்காரனுக்கு எசமான் உண்டு, கணக்கும் உண்டு. பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் அவரை இரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டதும் இதே பவுல்.

4. எபிரெயர் 13:17. "அடங்குங்கள்" என்ற பாதி மட்டும்தான் மேடையில் கேட்கும். அந்தத் தலைவர்கள் "உத்தரவாதம்பண்ணுகிறவர்கள்" என்ற பாதி அதே வசனத்தில் இருக்கிறது. இன்று நாம் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும்போது கேட்கிற உத்தரவாதம் இல்லை; பதில் சொல்லும் கடமை என்ற பழைய பொருள்.

காவற்காரனும் தீர்ப்பும்

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு விடுதிகள் ஆகியவற்றில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்திருந்தது. குண்டு வைத்தவர்கள் வேறு, பதவியில் இருந்தவர்கள் வேறு. பிறகு எப்படி முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது? அந்நாள் பொலிஸ் மாஅதிபருக்கு ஏன் 75 மில்லியன்?

பலருக்குக் குழப்பம் இங்கேதான். இது குற்றவியல் வழக்கு இல்லை. அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனு. கொலை செய்தாயா என்று அங்கே கேட்பதில்லை. பாதுகாக்க வேண்டிய நீ பாதுகாத்தாயா என்று கேட்கிறார்கள். (இந்தியத் தமிழ் வாசகர்களுக்கு: இங்கே உயர் நீதிமன்றம்தான் நாட்டின் உச்ச நீதிமன்றம்.)

எசேக்கியேல் 33இன் காவற்காரன் இதே இடத்தில்தான் நிற்கிறான். பட்டயம் வருவதைக் கண்டும் அவன் எக்காளம் ஊதாவிட்டால், வெட்டியவன் வேறொருவன் என்றாலும், இரத்தப்பழியைக் "காவற்காரன் கையிலே கேட்பேன்" என்கிறது அந்தப் பகுதி. ஊதியும் மக்கள் கேட்காமல் போனால் அவன்மேல் பழி இல்லை. ஆகவே விளைவுக்காக மட்டும் அவனைப் பிடிப்பதில்லை. கண்டானா, ஊதினானா என்ற இரண்டு கேள்விகள்தான்.

நவம்பர் தீர்ப்பு இன்னொரு வகை. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷ உட்பட அன்றைய பொறுப்பாளர்கள் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் கண்டார்கள். மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு தவிர இழப்பீடு இல்லை. இதனால் என்ன பிரயோசனம் என்று அப்போது கேட்டவர்கள் ஏராளம். நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தின் பார்வையில் அதிகாரம் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்ட பொருள், சொந்தச் சொத்து இல்லை என்பது பதிவாகிவிட்டது. களஞ்சியச் சாவி கதைதான்.

மன்னித்தால் கணக்கு முடிந்ததா?

"நான் பாவஞ்செய்தேன்" என்று சவுலும் சொன்னார், தாவீதும் சொன்னார். சவுல் முதலில் ஆடுமாடுகளைக் கொண்டுவந்தது ஜனங்கள் என்றார். பிறகு பாவஞ்செய்தேன் என்றார். அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டார். தாவீது தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்து, உரியாவைப் போர்முனையில் சாகவைத்தவர். தீர்க்கதரிசி நாத்தான் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்றபோது, தாவீதின் பதில் ஒரே வரி. யாரையும் சேர்த்து இழுக்கவில்லை.

மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்ற வார்த்தை நிற்கிறது. பிள்ளை இறக்கிறது. பிறகு அப்சலோமின் கலகம். மன்னிப்பு ஒரு பேரேட்டிலும் விளைவு இன்னொன்றிலும் எழுதப்படுகின்றன. 2020 உயிர்த்த ஞாயிறன்று தாக்குதல்காரரை மன்னித்துவிட்டோம் என்று சொன்ன கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, விசாரணை வேண்டும் என்று தொடர்ந்து கேட்டதில் முரண் காண்பவர்கள் இந்த இரண்டு பேரேடுகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அரசியல்வாதியோடு முடியவில்லை

கொழும்பில் ஏதோ ஒரு சபையின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆராதனை முடிந்த கையோடு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். பின்னால் பற்றிஸும் தேநீரும் ஆறிக்கொண்டிருக்கும். ஸ்டேப்பிள் அடித்த இரண்டு தாள்களில் கணக்கறிக்கை. ஒருவர் எழும்பி ஜெனரேட்டர் திருத்தச் செலவு போன வருடத்தை விட ஏன் மூன்று மடங்கு என்று கேட்கிறார். உடனே யாராவது ஒரு அண்ணன் திரும்பி, "என்ன, ஐயாவில நம்பிக்கை இல்லையோ?" என்பார். கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். பற்றிஸ் பரிமாறப்படும்.

கேட்டது பில் பற்றி. பதில் வந்தது நம்பிக்கை பற்றி. போதகர் நேர்மையானவராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார். கேள்வி அவரை எட்டவே இல்லை என்பதுதான் பிரச்சினை. மேட்டை அவர் கட்டவில்லை, சுற்றி இருந்தவர்கள் கட்டிக்கொடுத்தார்கள்.

பவுல் இதே சிக்கலை எப்படிக் கையாண்டார் என்பது 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பல சபைகளில் பணம் சேர்க்கப்பட்டது. அதைத் தனியே தூக்கிக்கொண்டு போக அவர் தயாராக இல்லை. தன் உடன் ஊழியர் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரையும் அனுப்புகிறார். காரணத்தையும் எழுதுகிறார்: இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம். அப்போஸ்தலனை நம்பமாட்டீர்களா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கூடப்போன அந்த இரண்டு சகோதரரின் பெயரும் கடிதத்தில் இல்லை. அவர்களில் ஒருவனைத் தெரிந்தெடுத்தது யார் என்பது மட்டும் இருக்கிறது: சபைகள்.